ஐந்து வௌவால்கள்

ஷார்ஜா மத்தியச் சந்தையை இங்கே யாரும் அந்தப் பெயரில் சொல்வதில்லை. நீல ஓடு பதித்த கட்டடம் என்பதால் 'புளூ சூக்'. 1978-இல் வந்தது. பழைய 5 திர்ஹம் நோட்டு யாரிடமாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள், அதில் அச்சாகியிருப்பது இதுதான். கீழே நகைக்கடைகள், மாடியில் கம்பளக் கடைகள். அவற்றில் ஒன்றுக்குப் பதினொரு வருஷம் பகுதி நேரமாகக் கணக்கு எழுதினேன். கடையின் பெயர் இங்கே தேவையில்லை. அங்கே நான் செய்த ஒரு காரியம் சரியா தவறா என்று எனக்குள் இன்னும் தீரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கணக்கில் பிழை எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. கம்பளங்களைப் பழுது பார்ப்பவர் அங்கே உட்கார்ந்திருப்பார். பவானிக்காரர். ஷார்ஜாவில் வளர்ந்த எங்களுக்கு அப்பாவின் வயதொத்தவர்கள் எல்லோருமே 'அங்கிள்'. அவரையும் முதலில் அப்படித்தான் கூப்பிட்டேன். "அங்கிளெல்லாம் வேண்டாங்க தம்பி, அண்ணன்னே கூப்புடுங்க" என்றார். என்னைவிட இருபது வயது மூத்தவரை அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்தது அப்படி. ஜமக்காளத் தறிக்குழியில் கால் வைத்து வளர்ந்தவர். விசைத்தறிப் போலிகள் வந்து பவானித் தறிகளின் வயிற்றில் அடித்த காலத்தில், 1992-இல், விமானம் ஏறியிருக்கிறார். ஜமக்காளத்தில் முடிச்சு கிடையாது. பாவும் ஊடையும்தான். முடிச்சுக் கம்பளத்தை ஷார்ஜாவில் ஓர் ஆப்கான் உஸ்தாதிடம் கற்றுக்கொண்டார்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டியது ஒரு சீனக் கம்பளம். ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரும் அளவுதான் இருக்கும். வடமேற்குச் சீனாவின் நிங்சியா பகுதியில் மடங்களுக்காக இப்படிப்பட்ட இருக்கைக் கம்பளங்களை நெய்திருக்கிறார்கள். அதே நெசவாளர்கள் தூண்களுக்கும் கம்பளம் நெய்தார்கள். விரித்துப் போட்டால் டிராகனின் உடல் இரண்டு ஓரத்திலும் வெட்டுப்பட்டதுபோல் கிடக்கும். தூணைச் சுற்றிக் கட்டினால்தான் ஓரங்கள் பொருந்தி டிராகன் முழுசாகும். தூண் எங்கேயோ இருக்க, துண்டுபட்ட டிராகன்கள் இன்று சேகரிப்பாளர்களின் சுவர்களில் தட்டையாகத் தொங்குகின்றன.

பாரசீகக் கம்பளம் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சீனக் கம்பளம் ஏதோ முடிக்காமல் விட்டதுபோல இருக்கும். கோம் நகரத்துப் பட்டுக் கம்பளத்தில் ஒரு சதுர அங்குலத்துக்கு நூற்றுக்கணக்கான முடிச்சுகள். நிங்சியாவில் சில டஜன்தான். முடிச்சு குறைவு என்பதால் கொடிக்குள் கொடி, பூவுக்குள் பூ என்று போக முடியாது. உருவங்கள் பெரிதாக, தள்ளித்தள்ளி நிற்கின்றன. நடுவே நிறைய வெற்றிடம். நம் புடவை மாதிரிச் சொல்வதென்றால், கரை கட்டுப்பாடாக இருக்கும், உடல் காலியாக இருக்கும். கரையில் ஒன்றோடொன்று பின்னிய சதுரக் கோடுகள், அதற்குள் முத்து வரிசை. நிறங்களும் அதிகம் இல்லை. அவுரி நீலத்தில் இரண்டு மூன்று ஆழங்கள், தந்த வெள்ளை, மஞ்சள். இந்தக் கம்பளம் பிடித்தவர்களிடம் ஏன் என்று கேட்டால் அநேகமாக 'அமைதியாக இருக்கிறது' என்பார்கள். எனக்கு அது நிசப்தமான ஒரு வீட்டுக் கூடம்போலத் தோன்றும்.

அன்று அண்ணன் காட்டியதில் நடுவில் வட்டமாக ஒரு எழுத்து, சுற்றி ஐந்து வௌவால்கள். எழுத்து 'ஷௌ', நீண்ட ஆயுள் என்று பொருள். வௌவால் எதற்கு என்று கேட்டேன். நம் ஊரில் வௌவால் வீட்டுக்குள் வந்தால் பாட்டி விளக்குமாற்றை எடுப்பாள். சீனத்தில் வௌவாலைக் குறிக்கும் சொல்லும் பாக்கியத்தைக் குறிக்கும் சொல்லும் 'ஃபூ' என்றே ஒலிக்கும். ஐந்து வௌவால் என்றால் பழைய சீன நூல்கள் சொல்லும் ஐந்து பாக்கியங்கள்: நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலம், நல்லொழுக்கத்தில் பற்று, ஐந்தாவதாகக் காலம் முழுதும் வாழ்ந்து இயல்பாக வரும் சாவு. இதற்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது, கல்யாணச் சாவு. பேரன் பேத்தி எடுத்தவர் போனால் மேளம் அடித்து, பொரி இறைத்து அனுப்புவோமே, அதைத்தான் அவர்கள் வௌவாலாக்கி நெய்து வைத்திருக்கிறார்கள். இன்னும் பல உருவங்களும் முதுமை பற்றியவையே. பீச் பழம், கொக்கு, பைன் மரம் எல்லாம் ஆயுள். பூனையும் வண்ணத்துப்பூச்சியும் சேர்ந்து வந்தால், அந்த இரண்டு சொற்களின் ஒலி எழுபது, எண்பது, தொண்ணூறு வயதைக் குறிக்கும் சொல்லின் ஒலியோடு பொருந்துவதால், அந்த வயது வரை இருக்கும்படி வாழ்த்து. பெரிய கிழவராக ஆகு என்று வாழ்த்துகிற கம்பளங்கள் இவை.

அண்ணனுக்கு இந்தச் சொல் விளையாட்டில் ஆர்வம் கிடையாது. அவர் காட்ட நினைத்தது வேறு. நடுப்பரப்பு பழுத்த பேரீச்சைக்கு முந்தைய மஞ்சள், அவ்வளவு அழகு. இரண்டு கட்டை விரலாலும் கம்பளி இழைகளைப் பிரித்து அடியைக் காட்டினார். வேரில் சிவப்பு.

"மேல பாக்கறதெல்லாம் வெளுத்ததுங்க தம்பி. நெய்தவன் போட்டது சிவப்பு."

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பெய்ஜிங் அரண்மனைக்காக மிங் காலத்தில் நெய்த பெரிய கம்பளங்களும் இப்படித்தான். இன்று தேன் நிறமாகவும் பழுப்பாகவும் தெரியும் பரப்புகள் ஒரு காலத்தில் சிவப்பு. சாயம் நிற்கவில்லை. அப்படிப்பட்ட ஒரு 16-ஆம் நூற்றாண்டு டிராகன் கம்பளம் 2021 நவம்பரில் பாரிஸில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 68 லட்சம் யூரோவுக்கு மேல் போனது. நெய்தவன் திரும்பி வந்தால் தன் கம்பளம் பாழாகிவிட்டது என்றுதான் சொல்வான். நாம் அதன் முன் நின்று மூச்சை இழுத்துக்கொள்கிறோம்.

இந்த ரசனைக்குப் பெயர் வைத்தவர் அலாய்ஸ் ரீகல் என்ற ஆஸ்திரியர். வியன்னாவின் அருங்காட்சியகத்தில் நெசவுப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர், பழைய கீழைத்தேயக் கம்பளங்கள் பற்றி 1891-இல் புத்தகம் எழுதியவர். 1903-இல் நினைவுச்சின்னங்கள் பற்றி எழுதியபோது 'வயது மதிப்பு' என்று ஒன்றைப் பிரித்துச் சொன்னார். ஒரு பொருளின் வரலாறு தெரிய வேண்டாம், யார் செய்தது என்று தெரிய வேண்டாம். காலம் அதன்மேல் நடந்துபோன தடம் கண்ணில் பட்டால் போதும், படித்தவரோ படிக்காதவரோ யாருக்கும் மனம் இளகும். இதோடு அவர் இன்னொன்றும் கவனித்தார். பயன்பாட்டில் இருக்கும் பொருளிடம் இந்த வயது மதிப்பு முரண்டு பிடிக்கும். இடிந்த கோட்டையின் விரிசல் அழகு. நாம் குடியிருக்கும் வீட்டின் விரிசலுக்குக் கொத்தனாரைக் கூப்பிடுவோம். அவர் பேசியது கட்டடங்களைப் பற்றி. நான் அதைப் படித்தபோது கட்டடத்தை நினைக்கவில்லை.

என் தொழிலின் பாஷையில் சொல்கிறேன். இருப்புநிலைக் குறிப்பில் இரண்டு பக்கம். வௌவால் கம்பளம் சரக்குக் கையிருப்பு, சொத்துப் பக்கம். வாங்கிய விலைக்கு மேல் எழுதக்கூடாது என்றாலும் ஒவ்வொரு வருஷமும் அது ஏறிக்கொண்டிருப்பது முதலாளிக்குத் தெரியும். பவானி அண்ணன் பொறுப்புப் பக்கம், 'பணிமுடிவுக் கொடை ஒதுக்கீடு' என்ற வரியில். அமீரகச் சட்டப்படி முதல் 5 ஆண்டுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குப் பிறகு ஆண்டுக்கு 30 நாள், மொத்தம் இரண்டு வருஷச் சம்பளத்தைத் தாண்டாது. அண்ணனுக்கு 31 வருஷம். 105 நாளும் 780 நாளும் சேர்த்து 885 நாள் வருகிறது. அவருக்குப் படி எதுவும் கிடையாது, சம்பளம் முழுவதும் அடிப்படைதான். ஆகவே 730 நாளில் கணக்கு நின்றுவிடும். ஏறக்குறைய 26-ஆம் வருஷத்திலேயே நின்றுவிட்டது. அதன் பிறகு அவர் குனிந்து உட்கார்ந்த ஐந்து வருஷமும் அந்த வரியில் ஒரு நாளைக்கூட ஏற்றவில்லை.

2023-இல் கடைப் பொறுப்பு முதலாளியின் மகன் கைக்கு வந்தது. நல்ல பையன், லண்டனில் படித்தவன். ஒவ்வொரு ஊழியருக்கும் வருஷத்துக்கு என்ன செலவாகிறது என்று ஒரு பட்டியல் கேட்டான். விசா, மருத்துவக் காப்பீடு, அறை வாடகை, விடுமுறை டிக்கெட். போட்டுக் கொடுத்தேன். வயதானவருக்குக் காப்பீட்டுத் தொகை ஏறும், அதுவும் பட்டியலில் தெரிந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். குறிப்பு என்ற கடைசிக் கட்டத்தில், பழுது வேலையை வெளியே கொடுத்தால் செலவு பாதியாகும் என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியை யாரும் கேட்கவில்லை. கணக்காளன் கெட்டிக்காரன் என்று காட்டிக்கொள்ள எழுதியது. மூன்று மாதத்தில் அண்ணன் ஊருக்குப் போனார்.

என்னை நானே சமாதானம் செய்துகொள்ள நிறையக் காரணங்கள் உண்டு. நான் எழுதாவிட்டாலும் பையன் கண்டுபிடித்திருப்பான். அண்ணனின் கண்ணும் மங்கிக்கொண்டிருந்தது. நீலத்தில் இரண்டு ஆழம் பிரித்துச் சொல்ல ஜன்னல் பக்கம் போக வேண்டியிருந்தது. வளைகுடா என்பதே ஒப்பந்தம். வேலை இருக்கும்வரை இருப்போம் என்று கையெழுத்துப் போட்டுத்தான் நம் அப்பாக்கள் வந்தார்கள், யாரும் ஏமாற்றவில்லை. ஐம்பத்தைந்து கடந்தவர்களுக்கு இப்போது ஓய்வு விசாகூட இருக்கிறது, 10 லட்சம் திர்ஹம் சேமிப்போ சொத்தோ, இல்லையென்றால் போதுமான மாத வருமானமோ இருப்பவர்களுக்கு. ஒவ்வொரு காரணமும் உண்மைதான். ஆனால் எல்லாம் சேர்ந்தும் அந்த ஒரு வரியை என்னால் அழிக்க முடியவில்லை.

கம்பளத்தையும் மனிதரையும் ஒரே தராசில் வைப்பது முறையா என்று நீங்கள் கேட்கலாம். அண்ணனே கேட்டார். கிளம்புவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை ரோலாவில் ஒரு கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். வயசானால் கம்பளத்துக்கு விலை, நமக்கு டிக்கெட், இதென்ன நியாயம் அண்ணே என்று கொஞ்சம் நாடகமாகவே சொன்னேன். குற்ற உணர்ச்சிக்கு நாடகம் பிடிக்கும். அவர் சிரித்தார்.

"யாருங்க சொன்னது வயசானா விலைன்னு? எங்க ஊட்டு ஜமக்காளம் பழசானா மாட்டுக் கொட்டாயில போடுவோம். அப்பறம் திண்ணை தொடைக்கறதுக்கு. அந்தச் சீனாக்காரன் நூறு நெஞ்சா தொண்ணூத்தொம்போது அப்புடித்தான் போயிருக்கும். நம்ம கையில வந்தது, யாரோ வெயில் படாம, பூச்சி வராம எடுத்து வெச்சது."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னதில் என் ஒப்பீடு பாதி சரிந்தது. வியாபார வழக்கில் நூறு வயது தாண்டினால் 'ஆன்டிக்' என்கிறோம், ஏதோ வயதே ஒரு தகுதி என்பதுபோல. வயதுக்கு நாம் காசு கொடுப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக யாரோ பார்த்துக்கொண்டதற்குத்தான் கொடுக்கிறோம், அந்தக் காசு பார்த்துக்கொண்டவர்களுக்குப் போவதும் இல்லை. அந்த வௌவால்களில் ஒன்றின் இடது இறகு பூச்சி அரித்துப் போயிருந்தது. அண்ணன் பழைய கிழிந்த கிலிம் ஒன்றைப் பிரித்து, அந்தப் பழைய நூலாலேயே இறகைக் கட்டினார். புது நூல் என்றால் பளபளத்துக் காட்டிக்கொடுத்துவிடும். சுற்றியுள்ள பரப்பில் ஒரு ஓட்டையை அடைத்தபோது என்ன நிறம் போடுவது என்ற கேள்வி வந்தது. நெய்தவன் போட்ட சிவப்பா, இப்போது தெரியும் மஞ்சளா? மஞ்சள்தான் போட்டார். வாங்குபவருக்கு வேண்டியது நெய்தபோது இருந்த கம்பளம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அவரது வேலை நன்றாக இருக்கிறது என்பதற்கு ஒரே அடையாளம் அது கண்ணில் படாமல் இருப்பது.

கண்ணில் படாதவர்கள் இந்தத் தொழிலில் எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். முதல் உலகப்போரில் பாரசீகச் சரக்கு தடைபட்டபோது அமெரிக்க வியாபாரிகள் சீனாவுக்குத் திரும்பினார்கள், பெய்ஜிங்கிலும் தியான்ஜினிலும் பட்டறைகள் பெருகின. பூவின் ஓரத்தைக் கத்தரியால் செதுக்கிப் புடைப்பாகக் காட்டும் நேர்த்தி அந்தப் பட்டறைகளில் பேர்பெற்றது. 1924-இல் சூ, பிளேஸ்டெல் என்ற இருவர் அங்கே ஒரு ஆய்வு செய்து 'பீக்கிங் கம்பளங்களும் பீக்கிங் சிறுவர்களும்' என்று வெளியிட்டார்கள். தலைப்பே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. தறியில் உட்கார்ந்திருந்தவர்களில் ஏராளமானோர் தொழில் பழகும் பையன்கள். சாப்பாடும் படுக்க இடமும் உண்டு, கூலி கிடையாது. சுமார் மூன்று வருஷம் அப்படி. நீண்ட ஆயுள் என்ற எழுத்தைப் பன்னிரண்டு பதின்மூன்று வயதுக் கைகள் முடிச்சு முடிச்சாகப் போட்டிருக்கும். அந்தக் கம்பளங்கள் நூறைத் தொட்டு இப்போதுதான் ஆன்டிக் ஆகிக்கொண்டிருக்கின்றன.

அபுதாபியின் ஷேக் சயீத் பெரிய மசூதிக்கு இந்தியாவிலிருந்து விருந்தாளி வந்தால் எல்லோரும் கூட்டிப் போவோம். அங்கே விரித்திருக்கும் ஈரானியக் கம்பளம் ஐயாயிரம் சதுர மீட்டருக்கு மேல், சுமார் 1,200 பெண்கள் கையால் முடிச்சுப் போட்டது. வடிவமைத்தவரின் பெயர் வழிகாட்டிக்குத் தெரியும், அலி காலிகி. அந்தப் பெண்களுக்கு இருப்பது எண்ணிக்கை மட்டும். அவர்களில் பலர் இப்போது கிழவிகளாகியிருப்பார்கள். விருந்தாளிகளோடு நானும் ஒவ்வொரு முறையும் அதன் மென்மையைப் புகழ்ந்துவிட்டு வெளியே வந்து செருப்பைத் தேடுவேன்.

ஒரு அந்நிய நாட்டையோ ஒரு கடைக்காரப் பையனையோ குற்றம் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வராததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. என் அப்பா 1979-இல் ஷார்ஜா வந்தவர். 2011-இல் பாளையங்கோட்டைக்குத் திரும்பினார். அம்மா போனபிறகு தனியாக இருக்கிறார். இங்கே பெற்றோரை விசாவில் வைத்துக்கொள்ளக் குறிப்பிட்ட அளவு மாதச் சம்பளம் காட்டவேண்டும். எனக்கு அது எட்டிய பிறகும் நான் விண்ணப்பிக்கவில்லை. அவருக்கு ஊர்தான் பிடிக்கும் என்றேன். அவரிடம் கேட்டேனா என்று இப்போது நினைவில்லை. அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு கேமரா வைத்திருக்கிறேன். ராத்திரி அலைபேசியில் திறந்து பார்ப்பேன். சாய்வு நாற்காலி, மேலே மின்விசிறி, அவருடைய வெள்ளைத் தலை. பார்க்க அமைதியாக இருக்கிறது. ரீகல் சொன்ன இளக்கம் எனக்கும் வருகிறது. அந்த வெள்ளைத் தலையின் மூட்டு வலியையோ மறதியையோ, ஒரே கதையை மூன்றாம் முறை சொல்வதையோ கேமரா என்னிடம் கொண்டுவருவதில்லை.

நீண்ட ஆயுளை விதம்விதமாக நெய்த சீனாவில், பிள்ளைகள் வயதான பெற்றோரை அடிக்கடி போய்ப் பார்க்கவேண்டும் என்று 2013-இல் சட்டத்தில் எழுதவேண்டி வந்தது. இந்தியாவிலும் பெற்றோர் பராமரிப்புக்கு 2007-இல் ஒரு சட்டம் வந்தது. வாழ்த்துவது சுலபம் என்பது அவர்களுக்கும் நமக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. பொங்கலுக்கு அப்பாவிடம் போனில் ஆசீர்வாதம் வாங்கும்போது 'நூறு வயசு இருக்கணும்' என்று என் மகள் ஷார்ஜா உச்சரிப்பில் சொல்வாள். அதுவும் ஒரு வௌவால்தான்.

அந்த வரியை எழுதியது தவறா? பொய் சொன்னால்தான் தவறு என்று நினைத்து வளர்ந்தவன் நான், கணக்குப் படிப்பும் அதையே சொல்லிக் கொடுத்தது. இன்று தோன்றுவது வேறு. அண்ணனைப் பற்றி எனக்குத் தெரிந்தவை நிறைய. பழைய கிலிம் நூலைப் பிரித்துப் பந்தாக்கி வைத்திருந்தது, வேரில் இருந்த சிவப்பை எனக்குக் காட்டவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது, நீலத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோன நடை. அத்தனையையும் தெரிந்துவைத்துக்கொண்டு, எதுவுமே தெரியாதவன் எழுதும் வரியை நான் எழுதினேன். பையனுக்கு அவரைத் தெரியாது. எனக்குத் தெரியும். எங்கள் இருவருக்கும் இடையில் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான், அது என் பக்கம் கனமாக இருக்கிறது.

இதை அண்ணனிடம் சொன்னேன், போன மாசம், போனில். குறிப்பு எழுதியது நான்தான் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் எங்கோ தறி ஓடும் ஓசை கேட்டது, பக்கத்து வீட்டுத் தறியாக இருக்கும்.

"எழுதுனீங்க, சரி" என்றார். அப்புறம், "அந்த வவ்வாலு போயிருச்சுங்களா தம்பி?"

விற்றுவிட்டது என்றேன். யாரோ ஜுமைராவில் வாங்கியிருக்கிறார்கள்.

"வெயில் உழுகற பக்கம் போட வேண்டாம்னு சொன்னாங்களா? எறக்கைப் பக்கம் நூலு பழசு, சாயம் நான் போட்டது. நிக்குமான்னு தெரியல."

கேட்டுச் சொல்கிறேன் அண்ணே என்றேன். வாங்கியவரின் எண் கடையின் பில் புத்தகத்தில் இருக்கும். அந்தக் கடைக்கு இப்போது நான் கணக்கு எழுதுவதில்லை.